அத்தையிடம் நான் சொன்னது

எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை மூன்று வருடமாகத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்காக. அதுவும் நம் விசுவாசத்தில் இல்லாத மாமியாரை, என்று கூட்டத் தலைவி இரண்டு முறை அழுத்திச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று காலை ஆறு மணிக்கே அத்தையின் படுக்கை நனைந்திருந்தது எனக்குத் தெரியும். நான் டீ போட்டுக் குடித்தேன். துணிக்கு இஸ்திரி போட்டேன். கணவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து அரக்கோணம் ரயிலுக்கு அனுப்பினேன். ஒன்பது மணிக்குத்தான் போய் மாற்றினேன். அந்த மூன்று மணி நேரமும் அத்தை சமையலறைப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு கிடந்தார். நான் வேண்டுமென்றே செய்தேன்.

இதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் கையால் எழுதிவிட்டால், யாராவது மறுபடியும் என்னை நல்லவள் என்று சொல்லும்போது நானும் அதை நம்பி மயங்கிவிட மாட்டேன்.

நான் அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி என்று வளர்ந்த வீடு. சென்னைக்கு வேலைக்குப் போகும் மின்சார ரயிலில் அவரைப் பார்த்தேன். திருத்தணிக்காரர், நெசவுக்காரக் குடும்பம். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் அப்பா ஒரு வருடம் பேசவில்லை, பிறகு பேசினார். அத்தை முதல் நாளே பேசினார். வாசலில் நிற்க வைத்து, “உள்ள வா. உன் சாமிய வெளிய உட்டுட்டு வா” என்றார்.

அத்தை சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். மகளையும் மகனையும் தறி நெய்து காப்பாற்றியவர். கிருத்திகை தவறாமல் மலை ஏறுவார். படிகளை ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறுவார் என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய முருகன்மீது எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவர் எனக்கென்று தனி டம்ளர் வைத்தார். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தக்காரர்கள் காவடியோடு வந்து இறங்கும் மூன்று நாளும் நான் சமையலறைக்குள் போகக்கூடாது. பாத்திரம் மட்டும் கழுவலாம், அதுவும் பின்பக்கக் குழாயில். என் கணவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “அம்மா குணம் அப்படித்தான், நீ கண்டுக்காத” என்பார். நான் கண்டுகொள்ளவில்லை. அதெல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

தாங்க முடியாதது ஒன்றுதான். கல்யாணமான மூன்றாம் வருடம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எனக்குக் குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. ஊசியின் மயக்கத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது குழந்தை இல்லை. அத்தையும் அவருடைய தம்பியும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். “நான் பாக்கவே இல்லையே அத்தே” என்றேன். “பாத்து இன்னா பண்ணப் போற?” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த பிறகு, விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவர் சொன்னது உள்ளறையில் படுத்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“சிலுவைய கட்டிகினு வந்தவ வயித்துல இன்னா தங்கும் சொல்லு?”

அதற்குப் பிறகு எனக்குக் குழந்தை நிற்கவே இல்லை. எங்கே புதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சொல் வரும் என்று பயம். என் கணவரும் அவர் அம்மாவைக் கேட்கவில்லை. பதினேழு வருடம் ஒரே வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டு, ஒரே டிவி பார்த்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆலயத்தில், பிறரை மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்ற பொருளில் வரும் ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்வேன். அந்த இடம் வரும்போது வாய் அசையும், குரல் வராது.

ஒரு தை மாதம் அத்தை குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. “சனியனே.” தண்ணீர் வேண்டுமென்றாலும் சனியனே. வலித்தாலும் சனியனே. மகனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் அதேதான். பேச்சு போகிறவர்களுக்குச் சில சமயம் திட்டுகிற சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

நாத்தனார் பள்ளிப்பட்டில் இருந்தார். கணவரைவிட மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து, அம்மாவின் நெற்றியில் விபூதி பூசி, அழுதுவிட்டு, என் கையைப் பிடித்து, “நீ இல்லன்னா எங்கம்மா நாறிப்பூடும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறிய உடனே நான் ஈரத்துணியால் அத்தையின் முகத்தைத் துடைப்பேன். முகம் கழுவிவிடுகிற சாக்கில் விபூதியை முழுக்க எடுத்துவிடுவேன். எடுக்கிறேன் என்பதை அவர் கண் தெரிந்துகொள்ளும். அப்போதும் அந்த ஒரு சொல்தான் வரும்.

இன்னும் இருக்கிறது. அத்தையின் கட்டில் ஜன்னலைப் பார்த்து இருந்தது. படுத்தபடியே மலையும் கோபுரமும் தெரியும். காலையில் இடது கையைத் தூக்கி அந்தப் பக்கம் கும்பிடுவார். அரைக் கும்பிடு. மேலே விழுகிற வெயில் ஆகாது என்று சொல்லி நான் கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பினேன். என் கணவரும் சரி என்றார். பிறகு என் போனில் ஜெபப் பாட்டுகளைச் சத்தமாக வைத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். என் கர்த்தரை நான் அதற்குப் பயன்படுத்தினேன். கஞ்சியில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் உப்பே போடவில்லை. தலை வாரும்போது சிக்கை மெதுவாக எடுக்கலாம், நான் இழுத்து எடுத்தேன். அடையாளம் விடுகிற எதையும் செய்யவில்லை. படுக்கைப் புண் வராமல் அடிக்கடி புரட்டிவிட்டேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் பாராட்டினார்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்த மத்தியானம், அதைக் கழற்றாமலே அத்தையின் அறைக்குள் போனேன். ஏன் போனேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காட்டத்தான் போனேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சரிகை, பளபளப்பு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு பாதி முகத்தால் சிரித்தார். சத்தம் வந்த சிரிப்பு. “சனியனே” என்றார்.

நான் அறைந்தேன்.

அது ஒரே ஒரு அறை. நல்லபடியாக இருந்த இடது கன்னத்தில். அவருடைய மூக்குத்தி என் விரலில் கீறியது. அவர் சிரிப்பை நிறுத்தவில்லை, மெதுவாகத்தான் அடங்கியது. நான் பின்பக்கம் போய்க் கையைக் கழுவினேன். பிறகு சோறு வடித்தேன். எனக்கு உடனே எந்த வருத்தமும் வந்துவிடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசையில் போய் முழங்கால் போட்டேன். போதகர் அப்பத்தை நீட்டினார். என் கை எழவில்லை. அத்தையைக் கன்னத்தில் அறைந்த கை அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். தலைசுற்றல் என்று சொன்னார்கள். ஒருத்தி சோடா வாங்கி வந்தாள்.

அந்த வாரம் போதகரைப் போய்ப் பார்த்தேன். இளவயதுக்காரர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை, அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“நீங்க ரொம்ப களைச்சிப் போயிருக்கீங்கம்மா,” என்றார். “ஆண்டவர் கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க இல்ல, அதோட முடிஞ்சிது. அவர் மறந்துட்டாரு. நீங்களும் மறந்துடுங்க.”

“அத்தை கிட்ட சொல்ல வேணாங்களா ஐயா?”

“படுத்துகினு இருக்கிறவங்க. சொல்லி நோகடிக்கிறதுல இன்னா லாபம்?”

தலையில் கை வைத்து ஜெபித்தார். இடையில் அவருடைய போன் இரண்டு முறை அதிர்ந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அடி வாங்கிய ஆளைக் கேட்காமலே கிடைத்த மன்னிப்பு. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அதே முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நான் அத்தையிடம் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை, குளிப்பாட்டித் துவட்டி, பவுடர் போட்டு, புதுத் துணி கட்டிவிட்ட பிறகு. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அத்தே, உங்க கிட்ட ஒன்னு சொல்லணும். முழுசா கேளுங்க.”

ஒவ்வொன்றாகச் சொன்னேன். காலையில் நனைந்து கிடந்த நாட்கள் தெரியாமல் நடந்ததல்ல என்றேன். உப்பு, சிக்கெடுத்தது, பாட்டு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவையெல்லாம் அவருக்குப் புதுசில்லை. “கட்டில வெயிலுக்காகத் திருப்பல அத்தே. நீங்க மலைய பாக்கக் கூடாதுன்னு திருப்புனேன்” என்று சொன்னபோதுதான் சட்டென்று என்னைப் பார்த்தார்.

அதை மட்டும் அவர் நம்பியிருந்திருக்கிறார். இவ்வளவு செய்கிறவள், வெயில் படக்கூடாது என்று ஒரு நல்லதும் செய்திருக்கிறாள் என்று இந்த மூன்று வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன்.

“என்ன மன்னிச்சிருங்க அத்தே” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல்கூட வரவில்லை. எழுந்து கட்டிலை மறுபடியும் ஜன்னல் பக்கம் திருப்பினேன். தரையில் கட்டில் கால் தேய்ந்து கிறீச்சிட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அன்றும் மறுநாளும் வாயைத் திறக்க மறுத்தார். கரண்டியை வைத்தால் பல்லை இறுக்கிக்கொள்வார். கஞ்சி கழுத்தில் வழியும்.

இந்த இடத்தில் பாரம் இறங்கியது என்று சாட்சி சொல்கிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ஒரு வயதான மனுஷியை என் மனசாட்சிக்காக இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை வேறு வழியில்லாமல் கணவரிடம் சொன்னேன். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்டதற்குப் பதிலாக எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“கை ஓங்கினியா?”

“ஓங்கலங்க. அடிச்சேன்.”

“எங்கம்மாவையா?”

“ஆங்.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய கன்னத்தைத் தடவினார். ஒரு மாதத்துக்கு முன் விழுந்த அறை. அங்கே என்ன இருக்கப்போகிறது? பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “உன்ன நம்பித்தானேடி நான் காலைல போய்கினு இருந்தேன்.”

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை; அவர் ஊட்டியபோது அத்தை சாப்பிட்டார். மத்தியானம் வெளியே போய் ஒரு கேமரா வாங்கி வந்தார். உள்ளங்கை அளவுதான். கட்டிலுக்கு எதிரே சுவரில் பதித்து, தன் போனோடு இணைத்துக்கொண்டார். அதில் ஒரு சின்ன நீல விளக்கு எரியும். அரக்கோணத்தில் தான் வேலை பார்க்கும் இரும்புக்கடையில் நின்றபடியே அவர் அறையைப் பார்ப்பார். நான் தலையணையை நகர்த்தினால்கூடப் போன் வரும். “இன்னாத்துக்கு அத எடுத்த?” என்பார். அத்தையைப் புரட்டும்போது என் பிடி கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்துவிட்டால், “மெதுவா” என்று அந்தக் கேமராவுக்குள்ளிருந்தே அவர் குரல் வரும். முதல் முறை கேட்டபோது கையிலிருந்த குவளை கீழே விழுந்துவிட்டது.

இரவில் அவர் அம்மாவின் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தார். என்னோடு சாப்பிடவில்லை. நான் கேட்டதற்குத் தலையசைப்பார், அவ்வளவுதான். இருபது வருடக் குடித்தனம் ஒரே வாரத்தில் வாடகை வீடு மாதிரி ஆகிவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தினமும் நினைத்தேன். போதகர் சரியாகத்தான் சொன்னார் என்றுகூட நினைத்தேன்.

கேமரா வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலையில் அத்தைக்கு உடம்பு துடைக்கப் போனேன். புடவையை அவிழ்த்து, கீழே ரப்பர் ஷீட் விரித்து, வெந்நீரில் துணியை நனைத்தேன். அத்தை இடது கையால் மார்பை மூடிக்கொண்டு, “சனியனே! சனியனே!” என்று கத்தினார். என்னைத்தான் என்று நினைத்து விலகினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண் சுவரில் இருந்தது. அந்த நீல விளக்கில்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இத்தனை நாளும் அவர் மகன் பார்க்கப் பார்க்க அவரை அம்மணமாகக் கிடத்தித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தினமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கொடியில் கிடந்த பழைய நைலக்ஸ் புடவையை எடுத்துக் கேமராவின்மேல் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன், கை ஈரம்.

“ஏன்டி மூடுன? இன்னா பண்ணிகினு கீற அங்க?”

“அத்தைக்கு உடம்பு தொடைக்கிறேங்க. துணி இல்லாம கீறாங்க.”

“மொதல்ல எடு அத! எடுடீன்றேன்!”

நான் எடுப்பதற்குள் அத்தை இடது கையை நீட்டினார். போனைக் கேட்டார். வாய்க்கருகில் பிடித்தேன். அவர் மூச்சை நன்றாக இழுத்து, தன் மகனிடம், பெற்ற நாளிலிருந்து சேர்த்து வைத்த அதிகாரத்தோடு ஒரு முறை சொன்னார்.

“சனியனே!”

 கடையில் யாரோ ஆணி கேட்கிற குரல் மட்டும் வந்தது. பிறகு அவரே வைத்துவிட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. தண்ணீர் ஆறிப்போகும் அளவுக்குச் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்துவிட்டது, முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

மாலையில் கணவர் வந்து புடவையை எடுத்தார். மறுநாள் அத்தை மறுபடி கத்தினார், நான் மறுபடி மூடினேன். மூன்றாம் நாள் அவர் அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டார்.

“அம்மா, கேமரா வேணாமா உனக்கு?”

அத்தை தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“தெனம் இவ கூட தனியா கீறியே. பயமா இல்ல?”

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் அன்பு இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் தெரியவில்லை. சந்தையில் காய் வாங்குகிறவர் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார். பிறகு மறுபடியும் தலையை ஆட்டினார். பயம் இல்லை.

கணவர் ஸ்குரு டிரைவர் எடுத்துக் கேமராவைக் கழற்றினார். நான் நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன். மூத்திர நாற்றம் அடிக்கிற அந்தத் துணிகளைக் கல்லில் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தபோது என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஏறியது. பெயர் வைக்கத் தெரியாத அளவுக்கு. சபையில் கை தட்டிப் பாடும்போது எனக்கு அது வந்ததில்லை. நான் யாரென்று முழுக்கத் தெரிந்த ஒரு ஆள், தெரிந்த பிறகும் தன் உடம்பை என் கையில் விடுகிறார். மன்னிப்பு என்று நாற்பது வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்றால், அதை எனக்குக் கர்த்தர் கொடுத்தது, அவர் பெயரையே பிடிக்காத ஒரு மனுஷியின் வழியாக.

அன்று முதல் காலையில் முகம் கழுவியதும் நானே அத்தைக்கு விபூதி பூசினேன்.  எங்கள் வீட்டார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். மூன்று விரல் பட்டையாக வரவில்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக்கொண்டது. அத்தை கை காட்டிக் கண்ணாடியைக் கொண்டுவரச் செய்து பார்த்துவிட்டு வெறுப்போடு வைத்தார். நாளாக ஆகப் பழகிவிட்டது.

ஆனால் என் பங்கு பாக்கி இருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. நான் கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை. அத்தைக்கும் அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் தலை வாரிவிடக் குனிந்தபோது இடது கையை நீட்டி என் வயிற்றின்மேல் வைத்தார். அவருடைய வாய் கோணிக்கொண்டு அழுதது. அந்த ஒரே சொல்லை, கெஞ்சுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டேன். சீப்பை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

மன்னிப்பு கேட்பதைவிடக் கொடுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் ஆனது. சோறு ஊட்டினேன், துடைத்தேன், விபூதி பூசினேன், அந்தக் கையை மட்டும் வயிற்றுப் பக்கம் வர விடவில்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம், பதினேழு வருடமும் அதற்கு மேலும் கேட்காததைக் கேட்டேன்.

“எங்க அத்தே பொதச்சீங்க?”

அவர் இடது கையைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் காட்டினார். கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

“ஆத்தங்கரைலயா?”

“சனியனே.”

“சுடுகாட்டு பக்கமா? மல பின்னாடியா?”

ஒவ்வொன்றுக்கும் அதே சொல். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று தெரியவில்லை. தலையாட்டலும் குழம்பிவிட்டது, அவருக்கே இடம் மறந்திருக்கலாம். கூடப் போன தம்பியும் செத்துப் பல வருடம் ஆயிற்று. அவர் கை காட்டிய பக்கம் மலை இருந்தது, குளம் இருந்தது, புதிதாக வந்த வீட்டு மனைகள், கல்யாண மண்டபம், பைபாஸ் ரோடு எல்லாம் இருந்தன. பேச முடிந்த காலத்தில் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இனி யாருக்கும் தெரியாது. இதற்கு எந்த மன்னிப்பும் பரிகாரம் ஆகாது. அந்தக் கசப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது.

அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன். “போதும், உடுங்க” என்றேன். “என்னால முழுசா முடியல அத்தே. முடிஞ்ச வரைக்கும் உட்டுட்டேன்.” அவ்வளவுதான் நான் கொடுத்தது. அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், பால்காரர் மணி அடிக்கும் வரைக்கும்.

அந்த ஞாயிறு ஆலயத்தில், ஜெபத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் எனக்குக் குரல் வந்தது. ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டத்தில் எழுந்து, பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நாற்காலி நகர்த்துகிற சத்தம்தான் கேட்டது. போதகர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இதெல்லாம் சபைல சொல்லத் தேவையில்லம்மா, புது ஆத்துமாக்கள் வராங்க” என்றார். அதற்குப் பிறகு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு எங்கள் வீட்டு முறை வரவில்லை. பட்டியலில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும். நான் கேட்கவும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடிவிட்டு வருகிறேன்.

அத்தை அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். எங்கள் இருவருக்கும் அது நல்ல காலம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சண்டையும் இருந்தது. உப்பு கூடினால் கரண்டியைத் தட்டிவிடுவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். சத்தம் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. ஒளித்துச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. கணவர் முதலில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார், பிறகு பேச ஆரம்பித்தார். முன்பு மாதிரி இல்லை. என்னைப் பார்க்கும்போது கண்ணில் ஒரு சின்னத் தயக்கம் வந்து போகும். அது போகாது என்று நினைக்கிறேன்.

ஒரு மாசி மாத மத்தியானம், கஞ்சி ஊட்டிய பிறகு, அத்தை போய்விட்டார். கட்டில் மலையைப் பார்த்துத்தான் இருந்தது.

பள்ளிப்பட்டிலிருந்து அண்ணி ஓடி வந்தார். அம்மாவின் நெற்றியில் விபூதி நேராகப் பூசியிருப்பதைப் பார்த்ததும் கதறிக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். “நீ பெத்த பொண்ணவிட மேலடி, உன் கால்ல உழணும்” என்று உண்மையாகவே குனிந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். அன்று சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள், அண்ணி பையைக் கட்டும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அண்ணி அத்தையின் மகள், அவருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை, மறுபடியும் அந்தச் சந்தோஷம் கிடைக்கும் என்ற பேராசையாகவும் இருக்கலாம்.

அண்ணி நின்றபடியே கேட்டார். “எங்கம்மா மன்னிச்சிட்டாங்களா?”

“ஆங் அண்ணி. மன்னிச்சிட்டாங்க.”

“அவங்களுக்கு வேற நாதி ஏது? உன் கையில கெடந்தாங்க. மன்னிக்காம இன்னா பண்ணுவாங்க?”

 கேமராவைச் சொல்லியிருக்கலாம், சிரித்ததைச் சொல்லியிருக்கலாம்.  அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம் என்ற பயம் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. சில நாள் அந்தப் பயம் ஜெயிக்கும். சில நாள் அத்தை தலையை இடமும் வலமும் ஆட்டியது ஜெயிக்கும்.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு வரவில்லை. அவருடைய பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, உறையில் என் கணவர் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றார்.

மாதம் ஒரு முறை அண்ணிக்குப் போன் செய்கிறேன். எடுக்க மாட்டார். போன வாரம் எடுத்தார். நான் “அண்ணி, நான்தான்” என்றேன்.  அவருக்குப் பின்னால் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிட்டார்.